முவாம்பாவுக்குக் கிடைத்தது எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் நடக்கும் கோடைக்காலக் கால்பந்துப் போட்டிகளைப் பற்றிச் சென்ற வாரம் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். நன்றி. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை பந்து உதைக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கான தமிழ்நாட்டு அணியில் தூத்தூர் பக்கத்துப் பையன்கள் இடம்பிடிப்பது எங்களுக்கு நெடுநாள் பெருமை. அந்தச் செய்தியில் பரிசுத் தொகை, மின்னொளி, கூட்டம் எல்லாம் இருந்தன. ஆடுகிற ஒருவன் இதயம் நின்று விழுந்துவிட்டால் என்ன ஏற்பாடு என்பது மட்டும் இல்லை. ஏற்பாடே இல்லாததை உங்கள் செய்தியாளர் எப்படி எழுத முடியும்? அதனால்தான் நான் எழுதுகிறேன்.

2012 மார்ச் 17 அன்று லண்டனில் டாட்டன்ஹாம் அணிக்கும் போல்டன் அணிக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் போட்டியின் காலிறுதி. முதல் பாதி முடியப் போகும் நேரம், ஆட்டம் 1-1. போல்டனின் நடுக்கள வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா, யாரும் இடிக்காமல், பந்தும் அருகில் இல்லாமல், குப்புற விழுந்தார். வயது 23. கின்ஷாசாவில் பிறந்து, 11 வயதில் இங்கிலாந்துக்கு வந்து, ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் இளையோர் பயிற்சி அகாடமியில் வளர்ந்தவர். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 33 ஆட்டங்கள் ஆடியவர். இதயப் பரிசோதனையும் பலமுறை செய்துகொண்டவர். ஒன்றிலும் கோளாறு தெரியவில்லை.

அன்று அவரைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். இரு அணி மருத்துவக் குழுக்களும் ஓடி வந்தன. நெஞ்சை அழுத்துவது உடனே தொடங்கியது. மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி மைதானத்திலேயே இருந்தது. ஆட்டம் பார்க்க வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி ஓடி வந்து உதவினார். அவர் வேலை பார்த்த லண்டன் செஸ்ட் மருத்துவமனைக்கே முவாம்பாவைக் கொண்டுபோனார்கள். மொத்தம் 15 மின் அதிர்ச்சிகள். 78 நிமிடம் அந்த இதயம் தானாகத் துடிக்கவில்லை. அவ்வளவு நேரமும் ஒருவர் மாற்றி ஒருவர் கைவிடாமல் பார்த்துக்கொண்டதால் முவாம்பா பிழைத்தார். அந்த ஆகஸ்டில், 24 வயதில், மருத்துவர் சொல்கேட்டு ஆட்டத்தை விட்டார். பிறகு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இதழியல் படித்துப் பட்டம் வாங்கினார். ஆட்டம் போனது பெரிய இழப்புதான், ஆனால் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறார்.

அதே மாதம், நான்கே நாள் கழித்து, பெங்களூரில் மாவட்ட லீக் ஆட்டத்தில் பெங்களூர் மார்ஸ் அணி வீரர் வெங்கடேஷ் மைதானத்தில் சரிந்தார். வயது 27. மைதானத்தில் மருத்துவரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடிவதில்லை. முவாம்பாவுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்காவது வெங்கடேஷுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

எங்கள் ஊர் மைதானங்களில் முதலுதவி என்றால் ஒரு வாளி ஐஸ், வலிக்கு அடிக்கிற ஸ்பிரே, கொஞ்சம் பஞ்சு, டிஞ்சர். ஒரு பையன் விழுந்து கைகால் வெட்டி இழுத்தால் நாலு பேர் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்பைத் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், தூக்கி உட்கார வைப்பார்கள். இதயம் நின்றவனுக்கும் முதலில் கைகால் வெட்டி இழுக்கலாம். விட்டு விட்டு மூச்சுத் திணறுவதும் உண்டு. அதைப் பார்த்து ‘மூச்சு இருக்கு’ என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. 108 வண்டிக்காரர்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும், திருவிழாக் கூட்டம்போல் ஆள் நிற்கிற எங்கள் குறுகலான கடற்கரைச் சாலையில் மைதானம் வந்து சேர நேரமாகும்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் நெஞ்சை அழுத்தும் பயிற்சியை யாரும் எனக்குத் தரவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு நர்சிங் கல்லூரி முகாமில் பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டேன். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் தோள் விட்டுப்போகிறது. மாற்று ஆள் கட்டாயம் வேண்டும். ஏ.இ.டி. என்கிற மின் அதிர்ச்சிக் கருவி அதைவிட எளிது. திறந்ததும் அதுவே பேசுகிறது: எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று சொல்கிறது. தேவையில்லாதவனுக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. பத்தாம் வகுப்புப் பையன் அரை நாளில் பழகிவிடுவான்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது சில நிமிடங்களுக்குள் அதிர்ச்சி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கத்தார் உலகக் கோப்பையில், இதயம் தடுமாறினால் தானே அதிர்ச்சி கொடுக்கும் ஒரு சிறு கருவியை மார்புக்குள் வைத்துக்கொண்டு அவர் ஆடினார். சில நிமிடங்களில் உதவி கிடைத்தால் உயிரோடு ஆட்டமும் திரும்ப வர வழி இருக்கிறது.

கருவியின் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும். சிறிய தொகை இல்லை என்பது தெரியும். ஆனால் ஒரு சீசனில் பந்தலுக்கும் மைக்குக்கும் விளக்குக்கும் எங்கள் ஊர்க் கமிட்டிகள் திரட்டுகிற பணமும் எனக்குத் தெரியும். ஊருக்கு ஒன்று வேண்டாம். தூத்தூர் பக்கத்துக்கு இரண்டு கருவிகள் வாங்கி, ஆட்டம் நடக்கிற ஊருக்கு எடுத்துப்போனால் போதும். மாவட்டக் கால்பந்துக் கழகமும் ஒரு விதி கொண்டுவர வேண்டும்: கருவியும் பயிற்சி பெற்ற நான்கு பேரும் கோட்டுக்கு வெளியே இல்லாமல் நடுவர் விசில் ஊதக்கூடாது. வெளிநாட்டு வீரர்களின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிற எங்கள் பையன்கள், அவர்களுக்கு உள்ள இந்தப் பாதுகாப்பையும் கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

கிறிஸ்துமஸ் போட்டிகளுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கமிட்டி கூப்பிட்டாலும் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன். பொம்மையைக் கடன் தர நர்சிங் கல்லூரி சம்மதித்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்