தோளில் தடவும் ஜெல்லைப் பற்றி, சரவணனுக்கு

பாளையங்கோட்டை
2022 டிசம்பர்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாடித் தொட்டியில் இருந்த விரிசலை அடைத்தாயிற்று. மீனா பொங்கலுக்கு வருகிறாள். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர் சொல்கிறபடி. மற்ற சேதியைப் போனில் பேசிக்கொள்ளலாம். இதைப் போனில் பேச முடியாது. நான் வாயெடுத்தால் "அப்புறம் பேசுறேம்மா" என்பாய். அடுத்த அறையில் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

முதலில் ஒன்று, தீபாவைத் திட்டாதே. அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அத்தை, ஜெல் பட்ட சட்டையைத் தனியாத்தான் துவைக்கணுமா" என்று கேட்டாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருக்கிறாள் பாவம். எந்த ஜெல் என்று நான் கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. சர்வீஸ் முழுக்கக் குடும்பநல வார்டில் நர்ஸாகக் கிடந்தவளுக்கு, சொந்த மகன் ஆண்களுக்கான கருத்தடை ஆய்வில் சேர்ந்திருக்கிறான் என்பது மருமகள் வாய் தவறித்தான் தெரிய வேண்டுமா? சரி, விடு.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருமையும் இருக்கிறது. தீபாவுக்கு ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் மினுமினுப்பு வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கொடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். காப்பர்-டி போட்டு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "இனி என் முறை" என்று நீ சொன்னாயாமே. எங்கள் வார்டுக்கு வந்த ஆண்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடவும் ஆட்டோ பிடிக்கவும்தான் வந்தார்கள். 1971-இல் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000 ஆண்களுக்கு மேல் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்று எங்கள் சீனியர் சிஸ்டர் கதையாகச் சொல்வார். எமர்ஜென்சியில் வடக்கே ஆள் பிடித்து அறுத்த பிறகு எல்லாம் போயிற்று. போன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார், ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. உன் அப்பாவும் அந்த 99.7-இல் ஒருவர்தான். மீனா பிறந்த கையோடு ஆபரேஷன் செய்துகொண்டது நான். அவர் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்.

அதனால் நீ செய்தது சாதாரண விஷயம் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தீபா சொன்ன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிடைத்ததையெல்லாம் படித்தேன். தினமும் தோளில் தடவுவது, அதில் நெஸ்டரோன், டெஸ்டோஸ்டிரோன் என்று இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன, 2018-இல் தொடங்கிய ஆய்வு, அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து நடத்துகின்றன. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி, இரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து, விதைப்பைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடுகிறது. உள்ளே ஊறவேண்டிய டெஸ்டோஸ்டிரோன் வற்றிப்போகிறது, விந்தணு உற்பத்தி நிற்கிறது. ஆனால் உடம்புக்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், சதைக்கும் எலும்புக்கும் ஆசைக்கும். அதைத்தான் தோள் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால் தடவிய மறுநாளே பலன் கிடைக்காது. விந்தணு எண்ணிக்கை மில்லி லிட்டருக்குப் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஜெல்லை மட்டும் நம்பியிருக்கச் சொல்வார்கள். நீங்கள் அந்தக் கட்டம் தாண்டிவிட்டீர்கள் என்று தீபா சொன்னாள்.

தீபாவின் கேள்விக்கு என் பதில்: தடவிய இடம் நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போட்டுக்கொள். தடவின கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அந்த இடத்தில் அவள் தோல் படக் கூடாது, டெஸ்டோஸ்டிரோன் அவள் உடம்புக்குள்ளும் போகும். உங்கள் வீட்டுக்கு வருகிற நண்பர்களின் குழந்தைகளை வெற்றுத் தோளில் தூக்கிவைத்துக் கொஞ்சாதே, குழந்தைகளுக்கு அது இன்னும் ஆகாது. சட்டையைத் தனியாகப் போட்டால் நல்லதுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

முகப்பரு வரலாம். எடை ஏறலாம், போன வீடியோ காலில் கன்னம் உப்பித்தான் இருந்தது. நல்ல கொழுப்பு என்கிறார்களே, அது குறையலாம். இரத்தம் கெட்டிப்படலாம், அதனால் அவர்கள் எடுக்கிற இரத்தப் பரிசோதனை எதையும் தவறவிடாதே. ஆசை கூடலாம், குறையலாம், அதை உன் அம்மா உனக்கு எழுத வேண்டியதில்லை. இதில் எதற்கும் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

மனசு. அது ஒன்றுதான் சரவணா.

நீ இப்போதெல்லாம் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுகிறாய். மேட்ச் பற்றி அப்பா கேட்டால் "பார்க்கலை" என்கிறாய். நீயா? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை என்று தீபா சொல்கிறாள். உன்னைக் கேட்டால் "கொஞ்சம் அலுப்பும்மா" என்கிறாய். நம் வீட்டில் அந்தச் சொல்லை யார் சொல்லிக்கொண்டிருந்தார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு அப்போது பத்து வயசு. அந்த ஐப்பசி மாசத்தைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. நானும் இப்போது பேசவில்லை. ஆய்வில் சேரும்போது குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டிருப்பார்கள். நீ என்ன எழுதினாய்? முத்து சித்தப்பாவை எழுதினாயா?

இதற்கு முன்னால் ஊசி ஒன்றைச் சோதித்தார்கள். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு ஊசி. இந்தியா, இங்கிலாந்து உட்பட ஏழு நாடுகளில் 320 ஆண்கள். கருத்தடை என்ற அளவில் நன்றாகவே வேலை செய்தது, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் 2011-லேயே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, காரணம் மனநிலை மாற்றம் முதலான பக்கவிளைவுகள். "பெண்கள் மாத்திரையில் இத்தனை வருஷம் படுகிறார்கள், ஆண்களுக்குக் கொஞ்சம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்" என்று அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது முழுதாகப் படித்தால் அப்படி இல்லை. பங்கெடுத்த ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். வெளியிலிருந்து கண்காணித்த குழுதான் போதும் என்று சொன்னது. மனநிலைப் புகார்களில் பெரும்பகுதி ஒரே மையத்திலிருந்து வந்தவை, அதனால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அந்த 320 பேரில் ஒருவரைப் பற்றி ஒரு வரி வருகிறது. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விசாரித்து எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரியைத் தாண்டி அன்று படிக்கவில்லை.

உன்னுடைய ஜெல் வேறு, மருந்து வேறு, அளவு வேறு. அது எனக்குத் தெரியும். அதைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. ஆய்வு டாக்டரிடம் சொல் என்கிறேன். தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இந்த மாதத்திலிருந்து இப்படி இருக்கிறது என்று தேதியோடு சொல். ஜெல்லா, வேலையா, நாலு மணிக்கே இருட்டிப்போகிற மான்செஸ்டர் குளிரா என்று நீயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதே. தைராய்டாகக்கூட இருக்கலாம். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நீ சொன்னால் அந்த ஆய்வு கெட்டுப்போகாது, சொல்லாவிட்டால்தான் கெடும். மனசு எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் ஒரு தாளில் கேட்பார்களே, அதில் "நலம்" என்று டிக் அடித்துவிட்டு வருகிற ஆள் நீ. பரீட்சைக்கு முதல் நாள் 102 டிகிரி காய்ச்சலோடு "ஒண்ணுமில்லை" என்று பள்ளிக்கூடம் போனவன்தானே.

எங்கள் வார்டில் அந்தரா என்கிற கருத்தடை ஊசி போட்ட பெண்கள் "மனசு சரியில்லை சிஸ்டர், அழுகையா வருது" என்றால், கூட வந்த மாமியார் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று வாயை அடைப்பாள். சொல்ல வழியில்லாமல் அவர்கள் இருந்தார்கள். உனக்கு வழி இருக்கிறது. கூப்பிட ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று நீ கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கும், தீபாவும் சேர்த்துத்தானே போட்டாள். விலகினால் யாரையும் ஏமாற்றினதாக ஆகாது. தீபாவையும் ஏமாற்றினதாக ஆகாது, அவளிடம் நான் இதைக் கேட்டுவிட்டேன்.

ஒருவேளை நிறுத்தச் சொன்னால் அவர்கள் சொல்கிறபடி நிறுத்து, நீயாகத் திடீரென்று விடாதே. விட்ட பிறகு விந்தணு எண்ணிக்கை பழையபடி ஏறச் சில மாதங்கள் ஆகும். எந்த வாரத்தில் ஏறும் என்று கணக்குப் போட முடியாது, அதனால் அன்றைக்கே ஆணுறைக்கு மாறிவிடுங்கள். தீபா படிப்பு முடியும் வரைதானே. இங்கே முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று என்று போடுகிற கருத்தடை மாத்திரை இருக்கிறது, சாயா என்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். லக்னோவில் நம் ஆட்கள் கண்டுபிடித்தது, ஈஸ்ட்ரோஜன் கிடையாது. அவள் டாக்டர் சரி என்றால் சொல்லட்டும், பார்க்கலாம். பேரப்பிள்ளைக்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை.

டாக்டரிடம் சொல். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் புரியாது என்பதால் இல்லை. புரிந்துவிட்டால் அவர் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், இந்த வயசில் அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். கேமராவைப் போடு. டாக்டரிடம் பேசிவிட்டாயா என்று மட்டும் கேட்பேன், ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். இல்லை என்றால் திங்கட்கிழமையும் கேட்பேன். அதற்குள் இரவில் என்னமோ மாதிரி இருந்தால், அங்கே உன் பக்கத்தில் படுத்திருக்கிறவளை எழுப்பு. அவள் எழவில்லை என்றால் எனக்குப் போடு, இங்கே அப்போது விடிந்திருக்கும், நான் எழுந்து காப்பி போட்டிருப்பேன்.

பருப்புப் பொடியும் எள்ளு மிளகாய்ப் பொடியும் மீனாவின் தோழி வழியாக வருகிறது. பருப்புப் பொடி தீபாவுக்கு, உப்புக் குறைத்திருக்கிறேன். எடை கூடுகிறது என்று நீ நெய்யை நிறுத்திவிடாதே, குறைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா