கையைக் கொடுக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

மருத்துவ மாணவர்கள் பரிசோதித்துப் பழக உன்னைக் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. முடக்குவாதத்தோடு தினமும் எழுந்து படுப்பவள் அந்த அறையில் நீ ஒருத்திதான் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963-லேயே தொடங்கிவிட்டார். வலியை நடித்துக் காட்டலாம். வீங்கிய மூட்டை யார் நடிப்பது? உன் மூட்டு மெத்தென்று அமுங்கும், வயதாகி எலும்பு தடித்த மூட்டு கல்லாக இருக்கும். இந்த வித்தியாசம் விரலுக்குத்தான் புரியும்.

நேரத்தை நீயே சொல். காலை விறைப்பு விட்ட பிறகு வைத்துக்கொள். நோய்க்குறி நன்றாகத் தெரியட்டும், மாத்திரை போடாமல் வாருங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடு. ஒரே நாளில் ஐந்து பேருக்கு மேல் தொட வேண்டாம். ஆறாவது ஆள் அழுத்தும்போது வலிப்பது நோயினாலா, முதல் ஐந்து பேராலா என்று உனக்கே தெரியாது.

உட்கார்ந்ததும் ஒரு தலையணை கேட்டு வாங்கி, இரண்டு கையையும் அதன்மேல் வை. சில பிள்ளைகள் வந்ததுமே கைகுலுக்க நீட்டுவார்கள். குலுக்கும்போது விரல் முட்டிகள் பக்கவாட்டில் நெருங்கும். உனக்கு உயிர் போகும். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அப்போதே சொல்.

பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் அழுத்துவார்கள். விரலை மடக்கினால் புடைத்து நிற்பது எலும்பின் தலை. மூட்டு இடுக்கு அதைத் தாண்டி, விரல்நுனிப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அவர்கள் பெருவிரலைப் பிடித்து நீயே அங்கே வை. அழுத்துகிறவரின் நகம் வெளுக்கும் அளவு போதும், அதற்கு மேல் வேண்டாம். கண் உன் கையிலேயே இருந்தால், "என் முகத்தைப் பார்" என்று சொல். முகம் சுளிப்பது அங்கேதானே தெரியும்!

என்ன மாத்திரை என்று கேட்பார்கள். "மெத்தோட்ரெக்ஸேட்" என்று சொல்லிவிட்டுக் காத்திரு. எந்தக் கிழமை என்று கேட்காதவருக்கு விளக்கிச் சொல்: இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தவறுதலாகத் தினமும் போட்டு உயிர் இழந்தவர்கள் உண்டு. அதோடு சேர்த்து நீ போடும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் எதற்கு என்றும் அவர்களையே கேள். பாட்டில் மூடி, சட்டைப் பொத்தான், குழாய்த் திருகு, இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறாய் என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். நீயாகவே எடுத்துச் சொல்.

தேர்வுக்குக் கூப்பிட்டால் கதை வேறு. அங்கே திருத்தக்கூடாது, துப்புக் கொடுக்கக்கூடாது. முதல் மாணவருக்குச் சொன்ன பதிலையே கடைசி மாணவருக்கும் சொல்ல வேண்டும். வலித்தால் மட்டும் வலிக்கிறது என்று சொல்லலாம்.

ஒப்புதல் படிவத்தில் மூன்றைப் பார். பாதியில் நிறுத்தலாமா, மறுத்தால் உன் சிகிச்சை பாதிக்காது என்று எழுதியிருக்கிறதா, படம் எடுக்கத் தனியாக அனுமதி கேட்கிறார்களா.

மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. மறுநாள் துணி துவைக்கிற வேலை வேண்டாம்.

அன்புடன்,
அப்பா