தாவோவுக்கு ஜூலியன் செய்த நன்மை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலைநாடுகளில் தாவோ சிந்தனை அறிமுகமானது பற்றிய தங்கள் கட்டுரையில், அச்சிந்தனையின் பழஞ்சீன மூலநூலான தாவோ தே ஜிங்குக்கு 1842இல் பாரிஸில் வெளிவந்த, சீனவியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் ஜூலியனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு விடுபட்டது வருத்தமளிக்கிறது. அந்நூலின் 14ஆம் அத்தியாயத்தில் வரும் ‘யி, சி, வெய்’ என்னும் சொற்களில் ஜூலியனின் ஆசிரியர் அபெல் ரெமுசா எபிரேயக் கடவுளான யாவேயின் பெயரையே கண்டார். ஜூலியனோ சீன உரையாசிரியர்களைத் துணைக்கொண்டு, அவை காணவும் கேட்கவும் தொடவும் இயலாத தன்மையைக் குறிக்கும் சீனச் சொற்களே என்று விளக்கினார். உரைகளின் வழியே மூலத்தை அணுகிப் பழகிய நமக்கு இந்த நேர்மையின் அருமை தெரியும்.

முப்பது ஆரங்கள் கூடும் சக்கரக் குடத்தில், அச்சு நுழையும் வெற்றிடமே வண்டியை ஓடச் செய்கிறது என்னும் 11ஆம் அத்தியாய உவமையையும் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் விரித்தெழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி