பொட்டலம் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேர் உட்பூசண உரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். செடியின் வேருக்குள் குடியிருந்து, மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொடுக்கும் பூசணத்தைப் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதுதான். எங்கே கிடைக்கும், எப்படி இடுவது என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பூசணம் நம் கொல்லையில் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் அதைப் பட்டினி போடுகிறோம் என்பது விட்டுப்போயிற்று.

பண்ருட்டிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை. மார்கழிப் பட்டத்து மல்லாட்டையை (நிலக்கடலையை) சித்திரையில் பிடுங்கியதும் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) விட்டு, அடுத்த மார்கழிவரை வெறுமனே போட்டுவைப்பேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் காவி கரைத்தது போல ஓடும். அடித்த எருவின் சாரமும் அதோடு போகும்.

ஒரு நாள் நடுக்கொல்லையிலிருந்து ஒரு மண்கட்டியும் வரப்போர முந்திரியடியிலிருந்து ஒரு கட்டியும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நடுக்கொல்லைக் கட்டி டீயில் விழுந்த பொறை போலப் பொலபொலவென உதிர்ந்து அடியில் படிந்தது. முந்திரியடிக் கட்டி மறுநாள் காலையிலும் கட்டியாகவே கிடந்தது. சருகு மக்கியதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் மண்துகள்களைப் பின்னிப் பிடிப்பதில் பெரும் வேலை இந்தப் பூசண இழைகளுடையது. வேரின் மயிர் போன்ற தூவிகளைவிட மெல்லிய அவை, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) கொண்டுவருகின்றன. நம் செம்மண்ணில் இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும் சத்து அதுதானே. மழை அடித்துப்போகும் முன் தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) ஓரளவு உறிஞ்சிக்கொள்கின்றன.

கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை அள்ளிக் கொட்டினால் செடிக்கு இந்த ஆள் அவ்வளவாகத் தேவைப்படாது, கூலியும் குறைந்துபோகும். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் வளரவே வளராது. பொட்டலத்தில் வருவதையும் செடியின் வேரில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். எட்டு மாதம் வேரே இல்லாத கொல்லையில் அது எதைத் தின்னும்? வித்துகள் காத்துக்கிடக்கும், இழை அற்றுப்போகும். (காலிஃபிளவர், முட்டைக்கோசு போடுகிறவர்கள் காசை வீணாக்க வேண்டாம். கடுகு இனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டுரையில் இதையும் சொல்லியிருக்கலாம்.)

'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று என் மாமா சண்டைக்கு வருகிறார். புழுதி உழவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் உழவோடு நிறுத்தாமல் நாலு தரம் ரோட்டவேட்டர் விட்டு, பூசண இழையை அறுத்து மண்ணை மாவாக்குவது எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

போன ஆடியில், கொல்லையில் வேர் இருக்கட்டும் என்று ஓர் ஏக்கரில் மட்டும் காராமணி தெளித்தேன். ஐப்பசியில் அந்தப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் தெளிந்து ஓடியது. மல்லாட்டை கூடுதலாகக் காய்த்தது என்று புளுக மாட்டேன். இரண்டு ஏக்கரிலும் மூட்டைக் கணக்கு ஒன்றுதான். காராமணி நின்ற ஏக்கரில் டி.ஏ.பி. ஒரு மூட்டை குறைவாகப் போட்டிருந்தேன்.

ஆடி மழைக்கு வேறு என்ன விதைக்கலாம் என்று அடுத்த இதழில் எழுதுங்கள். காராமணி விதை அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் கிடைக்க மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
மல்லாட்டை விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.