கோலார் தங்கவயலில் துளையிடும் முன் பழைய சுரங்க வரைபடங்களைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சுரங்க அளவைப் பிரிவின் முன்னாள் ஊழியர் மற்றும் இத்துடன் கையொப்பமிட்டுள்ள குடியிருப்போர்,
கோலார் தங்கவயல், கர்நாடகம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுரங்க அமைச்சகம், இந்திய அரசு,
புது டெல்லி.

பொருள்: கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களைச் சுற்றிப் புதிதாகக் கனிமத் தேடல் தொடங்குமுன், பழைய வரைபடங்களையும் மாதிரிச் சோதனைப் பதிவுகளையும் மின்வடிவாக்கிப் பொதுவில் வைக்கவும், எல்லா சாஃப்டுகளையும் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளையும்) மறு அளவீடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்தே, இங்கே மறுபடியும் தங்கம் தேடப் போகிறார்கள் என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. இப்போது அது வெறும் பேச்சாக இல்லை. சுமார் 1,003 ஏக்கரில் பரவிக் கிடக்கும் 13 கழிவு மேடுகளில் வேலை தொடங்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. மேட்டில் கை வைப்பவர்கள் அடுத்து பூமிக்கடியையும் பார்ப்பார்கள். தேடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. முறையாகத் தேடினால் இந்த ஊருக்கு வேலை வரும், அதைத்தான் நாங்களும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். ஆனால் முதல் துளை விழுவதற்கு முன்னால், இந்தப் பாறைக்குள் 120 ஆண்டுகள் உழைத்தவர்கள் வரைந்தும் எழுதியும் வைத்துப் போனவை மேசைக்கு வர வேண்டும். இந்த மனுவில் நாங்கள் கேட்பதன் சாரம் இதுதான்.

தங்கவயலில் நடந்த பெரிய கண்டுபிடிப்பே பழைய குழிகளைப் பின்தொடர்ந்து போனதால் கிடைத்தது என்பதைத் தங்கள் அலுவலகம் அறியும். 1802-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் இந்தப் பக்கம் வந்தபோது, ஊர்க்காரர்கள் ஏற்கெனவே மண்ணைக் கழுவியும் குழிக்குள் இறங்கியும் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1870-களில் முன்னாள் ராணுவ வீரர் லாவெல் தங்கம் தோண்ட உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. தொடக்க ஆண்டுகளில் போட்ட பணமெல்லாம் கரைந்து, மூட்டை கட்டிவிடலாம் என்ற நிலைதான் இருந்தது. அப்போது மைசூர் மைனில் கேப்டன் பிளம்மர், பழங்காலத்தார் வெட்டிவிட்டுப் போன குழிகளுக்கு அருகே சாஃப்ட் இறக்கி, அவர்கள் நின்ற ஆழத்தையும் தாண்டிப் போய்ப் பார்த்தார். சாம்பியன் லோட் என்ற தங்கத் தாதுப் படிவு அங்கே இருந்தது. பின்னாளில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், சுமார் 800 டன் தங்கம் கொடுத்த வயல் அப்படித்தான் பிறந்தது. ராய்ச்சூர் மாவட்டத்தின் ஹட்டியிலும் இதே கதைதான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பாறையைத் தீயிட்டுச் சூடாக்கி உடைத்து, ஆச்சரியப்படும் ஆழம் வரை இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பழைய வெட்டுகளின் கீழேதான் இன்றைய ஹட்டி சுரங்கம் நடக்கிறது.

முன்னோர் வெட்டை நிறுத்திய இடத்தில் தாது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் ஏறியிருக்கும், காற்று போகாமல் இருந்திருக்கும், பாறை கெட்டிப்பட்டிருக்கும், இல்லையென்றால் அன்றைய விலைக்குக் கட்டுப்படியாகாமல் போயிருக்கும். எங்கள் சுரங்கத்தில் ஆரம்ப காலத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. மூடும் காலத்தில் அது 3, 4 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001-ல் ஒரு அவுன்ஸ் தங்கம் உலகச் சந்தையில் 300 டாலருக்கும் கீழே இருந்தது. அன்று குப்பை என்று விட்டுவிட்ட கல் இன்றைய விலையில் தாது. அதோடு, சாம்பியன் லோடின் குவார்ட்ஸ் கல்லில் தங்கம் நன்றாகத் தெரிந்ததால் எல்லாருடைய கவனமும் அதிலேயே இருந்தது. மேற்குப் பக்கத்து சல்ஃபைடு (கந்தகம் கலந்த தாது) லோடுகளில் தங்கம் கண்ணுக்குத் தெரியாது, பிரித்தெடுப்பதும் கஷ்டம். புதிதாகத் தேட வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த மேற்கு லோடுகள் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூரையைத் தாங்க விட்டுவைத்த தூண்களில் நல்ல தாது இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கலாம் என்று யாராவது திட்ட அறிக்கை எழுதிக் கொண்டுவந்தால், தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். சாம்பியன் ரீஃப் மைனின் க்ளென் ஷூட் (ஷூட் என்பது லோடுக்குள் தாது வளமாக இருக்கும் பகுதி) பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ஏர்பிளாஸ்ட் என்றால் என்னவென்று தெரியும். பாறைக்குள் அடைபட்ட அழுத்தம் ஒரே நொடியில் வெடித்து ஆட்களை மூடிவிடும். மேலே குடியிருப்புகளின் சுவரும் விரிசல் விடும். அந்தத் தூண்கள் அங்கேயே இருக்கட்டும்.

இனி, பழைய பதிவுகளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். தங்கம் பாறையில் சீராகப் பரவியிருக்காது. ஒரு இடத்தில் கைநிறைய இருக்கும், இரண்டு அடி தள்ளி ஒன்றுமே இருக்காது. மேலிருந்து ஒரு துளை போட்டு, பென்சில் போன்ற ஒரு கல் தண்டை வெளியே எடுத்துச் சோதித்தால், வளமான ஷூட்டின் நடுவே போன துளையிலும் வெறுங்கல் வரலாம். வெறும் இடத்தில் போன துளையில் தற்செயலாக ஒரு தங்கத் துணுக்கு மாட்டி எல்லாரையும் ஏமாற்றவும் செய்யலாம். ஆனால் பழைய டிரைவ்களில் (லோடின் வழியே வெட்டிய கிடைப் பாதைகளில்) சில அடிக்கு ஒரு முறை லோடின் குறுக்கே பள்ளம் செதுக்கி மாதிரி எடுத்து, அதன் அகலத்தையும் தங்க அளவையும் வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். லெவல் லெவலாக (ஒவ்வொரு ஆழ அடுக்கிலும்), தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த இடங்களுக்குத் திரும்பப் போய் மாதிரி எடுக்க முடியாது, அவை நீருக்கடியில் கிடக்கின்றன. அந்த எண்கள் காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. காகிதமும் எப்போதும் இருந்துகொண்டே இருக்காது, கறையானும் மழையும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இந்தச் சோதனை எண்களை ஸ்டோப் (தாதுவை வெட்டி எடுத்த இடம்) எல்லைகளோடு சேர்த்து நீளவாக்கு வெட்டுப் படத்தில் வைத்துப் பார்த்தால், தாது ஷூட் எந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் துளையை எங்கே போட வேண்டும் என்பது ஊகமாக இருக்காது. கழிவுக் கல் எங்கே கொட்டப்பட்டது, எந்தக் குறுக்கு வெட்டில் பக்கத்து லோடு தட்டுப்பட்டும் தொடராமல் விட்டார்கள், எந்த லெவலில் நீர் பீறிட்டது என்பதெல்லாம் சர்வே நோட்டின் ஓரக் குறிப்புகளில் இருக்கும். தேட வருபவருக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

ஆனால் காகிதத்தை ஸ்கேன் செய்து போட்டால் மட்டும் போதாது. பழைய வரைபடங்கள் அடிக் கணக்கில், ஒவ்வொரு மைனுக்கும் தனித்தனிக் கட்டத்தில் வரையப்பட்டவை. சிலவற்றில் காந்த வடக்கு, சிலவற்றில் உண்மை வடக்கு. இவற்றை இன்றைய செயற்கைக்கோள் ஆயத்தொலைவுகளோடு பொருத்த, இரண்டு பக்கமும் தெரிந்த புள்ளிகள் வேண்டும். எட்கர் சாஃப்ட், கிஃபோர்டு சாஃப்ட், ஹென்றி சாஃப்ட் போன்றவற்றின் வாய்தான் அந்தப் புள்ளிகள். ஹெட்கியர் (சாஃப்டின் மேல் நிற்கும் தூக்குக் கோபுரம்) இரும்பு விழுந்து, வாய் மூடி, மேலே கட்டடம் வந்துவிட்டால் அந்தப் பொருத்தமும் போய்விடும். பெரிய சாஃப்டுகள் சரி, பெயரே இல்லாத காற்றுக் குழிகளும் டெய்லர் காலத்துக்கு முந்தைய பழங்குழிகளும் எத்தனையோ புதருக்குள் இருக்கின்றன. ஆடு மேய்ப்பவர்களும் பழைய தொழிலாளிகளும்தான் அவற்றைக் காட்ட முடியும், அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.

ஐயா, இது பாதுகாப்பு விஷயமும்கூட. எங்கள் காலடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப் பாதைகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. தவறான படத்தை நம்பித் துளையிட்டால் என்ன ஆகும் என்பதை நிலக்கரிச் சுரங்கங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சஸ்னாலாவில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 பிப்ரவரி 2 அன்று, எங்கள் சுரங்கம் மூடப்பட்ட அதே மாதத்தில், ஜாரியாவின் பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் புகுந்து 29 பேர் போனார்கள். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவீக்ரீக் சுரங்கத்தில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் புகுந்து 9 பேர் 3 நாளுக்கு மேல் சிக்கி, நல்லவேளையாக உயிரோடு மீண்டார்கள். பழைய சுரங்கம் இன்னும் சில நூறு அடி தள்ளி இருக்கிறது என்று அவர்கள் கையில் இருந்த படம் சொன்னது. அந்தப் பழைய சுரங்கத்தின் பிந்தைய படம் பிறகு ஒரு அருங்காட்சியகத்தில் கிடைத்தது. படம் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தங்கவயலில் நீரோடு ஏர்பிளாஸ்டும் சேர்ந்துகொள்கிறது. சுரங்கம் நிரம்பிய பிறகும் நில அதிர்வுகளை நாங்கள் உணர்ந்திருக்கிறோம். தேடலுக்காக யாராவது ஒரு சாஃப்டிலிருந்து பெருமளவில் நீரை இறைக்கத் தொடங்கினால், பாறையின் அழுத்தம் மறுபடி மாறும். 1988-ல் இதே ஊரில் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் கருத்து இல்லாமல் நீர் இறைக்க அனுமதி தரக் கூடாது என்றும், தேடல் நடக்கும் காலம் முழுவதும் நில அதிர்வுக் கருவிகள் இயங்க வேண்டும் என்றும் உரிம நிபந்தனையிலேயே எழுத வேண்டுகிறோம்.

கழிவு மேடுகளைப் பற்றியும் கொஞ்சம். அவற்றில் சுமார் 3.3 கோடி டன் அரைத்த கல் இருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது என்றாலும், தோண்டி அரைக்கும் செலவு ஏற்கெனவே முடிந்த சரக்கு அது. அங்கே தங்கத்தை மட்டும் பார்க்காமல் டங்ஸ்டனையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயலின் தாதுவில் ஷீலைட் என்ற டங்ஸ்டன் கனிமம் உண்டு. இருட்டில் குற்றலை புற ஊதா விளக்கைக் காட்டினால் நீல வெண்மையாக ஒளிரும், கண்டுபிடிக்கச் செலவே இல்லை. 2023-ல் அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது. ஆனால் மேட்டைக் கலைத்தால் தூசி எங்கள் வீட்டுக்குள்தான் வரும். காற்றடிக்கும் மாதங்களில் இப்போதே கதவைத் திறக்க முடிவதில்லை. எனவே மேட்டில் வேலை தொடங்கும் முன், சுற்றியுள்ள கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் சயனைடு, ஆர்சனிக் அளவைச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். பின்னால் கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா என்ற வழக்கு யாருக்கும் வேண்டாம்.

நாங்கள் கேட்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் 1872 சட்டத்திலிருந்தே, கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தேடல் அறிக்கைகள் சில ஆண்டுகள் கழிந்ததும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறக்கப்படுகின்றன. ஒருவர் தேடி விட்ட இடத்தை அடுத்தவர் புதுக் கண்ணோடு பார்க்க அதுவே வழி. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. தங்கவயலின் வரைபடங்கள், மாதிரிச் சோதனைப் புத்தகங்கள், நீர் இறைப்புப் பதிவுகள், ஏர்பிளாஸ்ட் பதிவுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்ற உத்தரவிட வேண்டுகிறோம். 2001-லேயே மூடப்பட்ட ஆந்திரத்தின் சிகரகுண்டா, பிசாநத்தம், ராமகிரி தங்கச் சுரங்கங்களின் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவு, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல் முதலில் வெளிவந்தால்கூட எங்களுக்குப் பாதி நிம்மதி. ஏலத்தில் எடுப்பவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்து மூடிவிடக் கூடாது. இது மக்கள் பணத்தில், மக்கள் உயிரில் சேர்ந்த தகவல்.

சாஃப்டுகளின் மறு அளவீட்டுக்கும் வேலிக்கும் தேசியக் கனிமத் தேடல் மற்றும் மேம்பாட்டு அறக்கட்டளையிலிருந்து நிதி ஒதுக்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம். தங்கத் தாதுவைத் தேடிக் கைவிட்ட சாஃப்டுக்குள் கயிறு கட்டி இறங்கி, மூச்சுக்காற்று இல்லாமல் செத்துப்போன பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. பழைய குழிக்குள் பிராணவாயு குறைந்திருப்பதற்கு வாசனை கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. அவர்களைத் திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வேலை இருந்திருந்தால் அவர்களில் எவரும் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்க மாட்டார்கள். மாதிரி எடுக்க, கல் தண்டுகளை அடுக்கிப் பதிவு செய்ய, அளவை உதவிக்கு என்று தேடல் பணியில் நிறைய வேலைகள் உண்டு. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலைகளை அவர்களுக்கே தர வேண்டும் என்பதையும் நிபந்தனையில் சேர்க்கக் கேட்கிறோம்.

அளவீட்டுக் குழு வரும் நாளைத் தெரிவித்தால், பழைய குழிகளை நேரில் காட்டவும், வரைபடக் குறியீடுகளைப் படித்துச் சொல்லவும், முன்னாள் சர்வே, டிம்பரிங் (மரத் தாங்கல்), பம்ப் பிரிவுத் தொழிலாளர்கள் ஊதியம் எதிர்பார்க்காமல் வரத் தயாராக இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியலை இணைத்துள்ளோம். பதிவுகளின் இன்றைய நிலை குறித்தும், மேற்கண்ட கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கை குறித்தும் எழுத்துமூலம் பதில் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: கோலார் தங்கவயல்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், உதவ முன்வந்துள்ள முன்னாள் தொழிலாளர்களின் பட்டியல், எங்களுக்குத் தெரிந்த திறந்த குழிகளின் கைவரைபடம்.