ஒரு கடி அளவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். சிறுபோக நெல் வெட்டி முடிந்தது, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது, இனி மழைதான்.

மார்கழியில் லண்டனிலிருந்து நீ போட்ட மெசேஜை இன்னும் அழிக்கவில்லை. 'ஐ ஆம் எ பிட் டயர்ட்.' பிட் என்றால் சின்னத் துண்டு என்றுதானே எங்களுக்குப் படிப்பித்தார்கள், கொஞ்சக் களைப்பாக்கும், படுத்தெழும்பினால் சரி என்று நினைத்து நான் வயலுக்குப் போய்விட்டேன். உனக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது ஒரு மாதம் கழித்து உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அந்த மனவருத்தம் இன்னும் ஆறவில்லை.

இப்போது மகள் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். 'எ பிட் ரைஸ்' என்று எழுதியிருந்தாள், பெயர்ச்சொல் வந்தால் நடுவில் 'ஒஃப்' வேண்டும் என்று திருத்தப் போய், விறாந்தையில் இரண்டு பேருமாக அந்தச் சொல்லையே தோண்டத் தொடங்கிவிட்டோம். கடிதான் அதன் வேர். பிட் என்றால் முதலில் ஒரு கடி, ஒரு வாய் அளவு. குதிரை வாயில் மாட்டும் இரும்புக்கும் பிட் என்றுதான் பெயர். எங்கள் கடிவாளத்திலும் கடி இருக்கிறது பார். கம்ப்யூட்டர் பிட் வந்த வழி வேறு, பைனரி டிஜிட் என்பதை ஜோன் டூக்கி என்ற கணித அறிஞர் சுருக்கியது, 1948இல் இன்னொரு கணித அறிஞரான கிளாட் ஷனனின் கட்டுரையோடு நிலைத்தது. 0 அல்லது 1, அவ்வளவுதான் அது. பல பிட் சேர்ந்த தொகுதிக்கு பைட் என்ற பெயரை 1956இல் வைத்த கம்ப்யூட்டர்காரர் வேர்னர் புக்ஹோல்ட்ஸ், கடியைக் குறிக்கும் bite என்ற சொல்லையே எடுத்து, பிட்டோடு குழம்பாமல் இருக்க எழுத்தை மாற்றி byte ஆக்கினார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பைட்தான்!

கடி என்றதும் எனக்குத் தோடம்பழ இனிப்பு ஞாபகம் வந்துவிட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ட்ரக்டர் பெட்டியில் போகும்போது இரண்டு பேருக்கும் ஒரே ஒரு இனிப்பு. நீ சேட்டு நுனியால் மூடிக் கடித்தாய், அது சரிபாதியாக உடையவில்லை, பெரிய துண்டை என் கையில் வைத்துவிட்டு, சேட்டில் ஒட்டியிருந்த தூளையும் விடாமல் நக்கினாய். எனக்கு பிட் என்றால் அதுதான்.

'குவைட் எ பிட்' என்றால் ஏன் நிறைய என்று மகள் கேட்டாள். "அப்பம்மா 'கொஞ்சநஞ்சப் பாடா பட்டோம்' என்கிறாவே, அது கொஞ்சமா?" என்றேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் இங்கிலீசுக்காரரின் 'எ பிட்' இன்னொரு மாதிரி. பெரிய வருத்தத்தையும் மற்றவருக்குப் பாரமாகாமல் சின்னதாக்கிச் சொல்லுவது. இத்தனை வருஷம் அங்கே இருந்து உனக்கும் அது ஒட்டிவிட்டது.

என்னிடம் அப்படி எழுதாதே மச்சான். ஏலாது என்றால் ஏலாது என்று எழுது. ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பேன். தழும்பு நோகிறதா, படியேற மூச்சு வாங்குகிறதா, டொக்டர் என்ன சொன்னார், ஒன்றும் விடாமல் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்