டெலஸ்கோப் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம் கடையில் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் வாங்கிப் போனவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எதைப் பாத்தாலும் இருட்டாத்தான் இருக்கு, லென்ஸ் போயிருச்சா?" லென்ஸ் போகவில்லை. மாட்டியிருக்கும் ஐபீஸ்தான், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்தான், தப்பு. ஆளாளுக்குச் சொல்வதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறோம்.

பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். குழாயின் குவியத் தூரம், அதாவது முகப்பு லென்ஸிலிருந்து படம் விழும் இடம் வரை உள்ள தூரம், 700 மில்லிமீட்டர். அதை ஐபீஸில் எழுதியிருக்கும் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். 4 மில்லிமீட்டர் ஐபீஸுக்கு 175. அதோடு, படத்தை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸையும் சொருகினால் 525. கணக்கு சரி, காட்சிதான் வராது. முகப்பு லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியான எல்லை. உங்கள் 70 மில்லிமீட்டர் கருவிக்கு 140. உள்ளே வரும் வெளிச்சம் அதேதான் என்பதால், அதற்கு மேல் இழுக்க இழுக்கப் படம் மங்கிக் கலங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. பூமி சுழல்வதால் வானம் நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. 20 மில்லிமீட்டர் ஐபீஸில் ஒரு நட்சத்திரம் நாலைந்து நிமிடம் வட்டத்துக்குள் இருக்கும். 525 மடங்கில் அரை நிமிடம்கூட நிற்காது. நீங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு வருவதற்குள் போய்விடும்.

ஆகவே முதலில் 20 மில்லிமீட்டர் ஐபீஸை மாட்டுங்கள். 35 மடங்கு. குறைவு என்று நினைக்க வேண்டாம். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்குக் கருவியில்தான். அதே நான்கையும் உங்கள் மொட்டை மாடியிலிருந்து, வியாழனை ஒட்டி ஒரே கோட்டில் பார்க்கலாம். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

அடுத்தது ஃபைண்டர், அதாவது குறி பார்க்க மேலே ஒட்டியிருக்கும் சின்னக் குழாய். இதைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். நெல்லையப்பர் கோபுரமோ தூரத்துச் செல்போன் டவரோ, ஒரு உச்சியைப் பெரிய குழாயின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி, குறுக்குக் கோடு அதே உச்சியில் உட்காரும்படி செய்யுங்கள். ஃபைண்டரில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். பெரிய குழாயில் டயகனல் (ஐபீஸுக்கு முன்னால் மாட்டும், கண்ணாடி வைத்த வளைவுத் துண்டு) வழியே பார்த்தால் நிமிர்ந்து நிற்கும், ஆனால் கடைப் பலகை எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். இரண்டும் இயல்புதான், பழுது இல்லை. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, ஃபைண்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒரு கணம் போதும், பார்வை போய்விடும். ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரிய வில்லை பெட்டியில் வந்திருந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். சூட்டில் அது விரிசல் விடும்.

நிலாவைப் பௌர்ணமியன்று பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வளர்பிறை சப்தமி, அஷ்டமிதான் நல்ல நாள். வெளிச்சமும் இருளும் சேரும் விளிம்பில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். சனி வளையம் ஊசி போல் இருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டியது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும்.

இங்கிலீஷ் வழிகாட்டிகள் துருவ நட்சத்திரத்தில் ஆரம்பிக்கும். திருநெல்வேலியில் நமக்கு அது வடக்கே ஒன்பது டிகிரி உயரத்தில், தென்னை மரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. அதை நம்பி நிறுத்த வேண்டிய, எடைக்கல் தொங்கும் ஸ்டாண்டுகளை நாங்கள் விற்காததற்கும் அதுதான் காரணம். துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டிய அதன் அச்சு இந்த ஊரில் ஏறக்குறையப் படுத்துவிடும், எடைக்கல் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய ஸ்டாண்டே போதும்.

நம் சொத்து தெற்கு வானம். மாசி தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம், இரவு வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். டெல்லியில் அடிவானத்தை ஒட்டித் தெரிவது, பொதிகை முனிவரின் ஊரான நமக்கு 28 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நேரத்தில் தலைக்கு மேல், மிருகசீரிடம் இருக்கும் ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம். அந்த வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாள் பகுதியில் 35 மடங்கில் ஒரு சாம்பல் நிறப் புகை தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். போட்டோவில் இருக்கும் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. வைகாசி பிறந்ததும் இரவு 10 மணிக்குத் தெற்கே ஒமேகா சென்டாரி: லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரு பஞ்சு உருண்டையாய். டவுன் விளக்கில் இது எடுபடாது. திசையன்விளை தேரிப் பக்கமோ உவரிக் கடற்கரையோ போங்கள். பாபநாசம் மலைக்கு மேலே வேண்டாம். இரவில் வனத்துறை விடாது, விட்டாலும் சிறுத்தை இருக்கிறது.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது ட்ரைபாட் ஆடிக்கொண்டே இருக்கும். கால்களை நீட்டாமல், நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் திறப்பதே அபூர்வம். அப்போது கவனிக்க வேண்டியது பூஞ்சை. பனி படிந்த லென்ஸை அப்படியே மூடாதீர்கள். அறைக்குள் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். வேட்டி முனையால் துடைக்கவே வேண்டாம். முகப்பு லென்ஸைக் கழற்றாமல் கடைக்குக் கொண்டு வந்தால் சுத்தம் செய்து தருகிறோம். 10 மில்லிமீட்டர் ஐபீஸ் தனியாகவும் கிடைக்கும். 4 மில்லிமீட்டரைக் கொடுத்து மாற்றிக் கேட்காதீர்கள், அதை வைத்து நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்